எஞ்சின் மேட்டில் தட்டுகிறதா? பெட்ரோலை மாற்றுவதற்கு முன் சூட்டைப் பாருங்கள்

கோம்பாக் டோலைத் தாண்டி காராக் நெடுஞ்சாலையில் ஏற ஆரம்பித்ததும் காடியின் முன்பக்கத்திலிருந்து ‘டிக்டிக்டிக்’ என்று காய்ந்த ஒரு சத்தம். காலை எடுத்தால் நிற்கிறது, மறுபடி மிதித்தால் வருகிறது. இதைக் கேட்டவுடன் நம்மவர்கள் பெரும்பாலும் செய்வது ஒன்றுதான்: அடுத்த தடவை எண்ணெய் (பெட்ரோல்) ஊற்றும்போது ரோன்95 வரும் மஞ்சள் குழாயை விட்டுவிட்டு ரோன்97 வரும் பச்சைக் குழாயை எடுப்பது. ரோன்97 ஊற்றினால் சத்தம் குறையும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ரோன்95-க்கென்று வடிவமைத்த எஞ்சின், வருஷக்கணக்கில் அதிலேயே ஒழுங்காக ஓடிய எஞ்சின், இப்போது 97 கேட்கிறது என்றால் உள்ளே ஏதோ மாறியிருக்கிறது. அது பெரும்பாலும் சூடு. சூட்டைக் கவனிக்காமல் எண்ணெயை மட்டும் மாற்றினால் மாதாமாதம் காசு கொடுத்துக் கோளாறை மூடி வைக்கிறீர்கள், அவ்வளவுதான்.

சூடு எப்படிச் சத்தமாகிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். அது புரிந்தால் எதை முதலில் பிரித்துப் பார்ப்பது, எதற்குக் காசு செலவழிக்க வேண்டாம் என்பது தானாகப் பிடிபடும்.

பிளக் பொறி விட்டதும் சிலிண்டருக்குள் எல்லாம் ஒரே நொடியில் வெடிப்பதில்லை. பிளக்கின் ஓரமாக ஒரு சின்னத் தீ பிறந்து சுவரை நோக்கிப் பரவுகிறது, பரவி முடிக்கச் சில மில்லிவிநாடிகள் பிடிக்கும். எரிந்த பகுதி விரியும்போது, இன்னும் எரியாமல் சுவரோரம் ஒதுங்கியிருக்கும் பெட்ரோல்-காற்றுக் கலவையை நசுக்குகிறது. ஏற்கனவே பிஸ்டன் நசுக்கிச் சூடேற்றிய கலவை இப்போது இரண்டாம் தடவை நசுங்குகிறது. தீ வந்து தொடுவதற்கு முன்னாலேயே அது தானாகப் பற்றிக்கொண்டால் அந்த மூலையில் இருந்தது மொத்தமும் ஒரேயடியாக எரிந்துவிடும். அந்த அடியில் கிளம்பும் அழுத்த அலை சிலிண்டர் சுவரில் இங்கும் அங்கும் மோதுகிறது. 86 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டரில் அது விநாடிக்கு 6,000 தடவைக்கு மேல் அதிரும். காதில் விழுகிற ‘டிக்டிக்’ அதுதான். பட்டறையில் நாக்கிங் என்பார்கள், பிங்கிங் என்றும் சொல்வதுண்டு. லேசாக எப்போதாவது வந்தால் ஒன்றும் ஆகிவிடாது. பலமாக, தொடர்ந்து வந்தால் பிஸ்டனின் விளிம்பு அரிக்கப்படும், ரிங் உட்காரும் வரம்பு உடையும், அப்புறம் எஞ்சினைப் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

நசுக்கினால் காற்று சூடாகும் என்பது சைக்கிளுக்குக் காற்றடித்த எல்லோருக்கும் தெரியும், பம்பின் அடிப்பக்கம் கையைச் சுடும். பஞ்சு பற்றிக்கொள்ளும் அளவுக்கு அந்தச் சூடு போகும் என்பதைத்தான் நம்புவது கஷ்டம். மலாய்க்காரர்கள் இதை எப்போதோ பயன்படுத்தியிருக்கிறார்கள். கோபெக் ஆப்பி என்று ஒரு கருவி உண்டு. பாட்டிமார்கள் வெற்றிலை பாக்கு இடிக்கிற கோபெக்கைப் பார்த்திருப்பீர்கள், கிட்டத்தட்ட அதே உருவம்: கொம்பிலோ கட்டையிலோ கடைந்த ஒரு குழல், அதற்குள் இறுக்கமாகப் போகும் ஒரு தண்டு, தண்டின் நுனியில் சின்னக் குழி. குழியில் உலர்ந்த பஞ்சை வைத்து, தண்டை உள்ளங்கையால் ஒரே அடியாகக் குத்தி, உடனே வெளியே உருவினால் பஞ்சு கனன்றுகொண்டிருக்கும். மெதுவாக அழுத்தினால் ஒன்றும் நடக்காது, சூடு குழலின் சுவர் வழியாகக் கசிந்து போய்விடும். குத்துகிற வேகத்தில்தான் எல்லாம் இருக்கிறது. குளிர்பதன இயந்திரங்களில் பெயர் பெற்ற ஜெர்மானியர் கார்ல் வான் லிண்டேவுக்கு இப்படியொரு கருவி பினாங்கில் பரிசாகக் கிடைத்தது, அதை அவர் மியூனிக்கில் செய்து காட்டியதைப் பார்த்துத்தான் அவருடைய மாணவர் ருடால்ஃப் டீசலுக்குப் பொறி தட்டியது என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ போகட்டும், டீசல் 1893-இல் காப்புரிமை வாங்கியதும், 1897-இல் ஆக்ஸ்பர்க்கில் அவருடைய எஞ்சின் பிளக்கே இல்லாமல் ஓடியதும் வரலாறு.

டீசல் எஞ்சினுக்குத் தானாகப் பற்றுவதுதான் பிழைப்பு. பெட்ரோல் எஞ்சினுக்கு அதுவே நோய். இரண்டுக்கும் அடியில் இருக்கும் கணக்கு ஒன்றுதான், அதைக் கைத்தொலைபேசியிலேயே போட்டுவிடலாம்.

உங்கள் எஞ்சின் எவ்வளவு சூடேற்றுகிறது: கணக்கு

உங்கள் எஞ்சினின் கம்ப்ரஷன் விகிதம், அதாவது பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு சின்ன இடத்துக்குள் நசுக்குகிறது என்ற எண், கையேட்டில் இருக்கும். இன்றைய காடிகளில் 10-இலிருந்து 11.5 வரை சாதாரணம், மஸ்டாவின் ஸ்கைஆக்டிவ் எஞ்சின்களில் சில 14 வரை போகும். உள்ளே போகும் காற்றின் சூட்டோடு 273-ஐக் கூட்டுங்கள், அது கெல்வின். கம்ப்ரஷன் விகிதத்தை 0.33 என்ற அடுக்குக்கு உயர்த்தி, வரும் எண்ணால் அந்தக் கெல்வினைப் பெருக்குங்கள். 0.33 என்பது பெட்ரோல் ஆவி கலந்த காற்றுக்கு நடைமுறையில் ஒத்துவரும் எண். வெறும் காற்று, சூடு துளியும் வெளியே போகாது என்று வைத்துக்கொண்டால் 0.4 போடுவார்கள், அது பாடப்புத்தகத்துக்கு.

உதாரணத்துக்கு 10 விகித எஞ்சின். மத்தியானம் ஜாலான் கூச்சிங் நெரிசலில் நின்று நின்று வந்த காடி, உள்ளே போகும் காற்று 60 டிகிரி. 333 கெல்வின். பத்தின் 0.33 அடுக்கு சுமார் 2.14. பெருக்கினால் 712 கெல்வின், அதாவது கிட்டத்தட்ட 440 டிகிரி. இது பிஸ்டன் உச்சிக்கு வந்தபோது இருக்கும் சூடு, அழுத்தம் அப்போது 20 பாரை ஒட்டி இருக்கும் (ஒரு பார் என்பது கிட்டத்தட்ட சாதாரணக் காற்றழுத்தம்). இனி தீ பரவி அழுத்தத்தை 60 பாருக்குக் கொண்டுபோகிறது என்று வையுங்கள். அழுத்தம் மூன்று மடங்கானால் எரியாத கலவையின் சூடு 1.32 மடங்காகும். 712-ஐ 1.32-ஆல் பெருக்கினால் 940 கெல்வின், 667 டிகிரி.

இப்போது அதே எஞ்சினுக்குள் 35 டிகிரி காற்று போனால்? அதே பெருக்கலில் 596 டிகிரி வருகிறது. வாசலில் 25 டிகிரி வித்தியாசம், மூலையில் ஒதுங்கியிருக்கும் கலவைக்கு 70 டிகிரி வித்தியாசம். வாசலில் கூடுகிற ஒவ்வொரு 10 டிகிரியும் உள்ளே 28 ஆகிறது. இந்த ஒரு எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும், மிச்சமெல்லாம் இதிலிருந்துதான் வரப்போகிறது.

அழுத்தம் மட்டும் பற்றவைப்பதில்லை, நேரமும் வேண்டும்

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். புத்தகங்களில் தானாகப் பற்றும் வெப்பநிலை என்று ஒரு அட்டவணை இருக்கும்: மீத்தேன் 540-ஐ ஒட்டி, புரோப்பேன் 450-க்கு மேல், பியூட்டேன் 400-ஐ ஒட்டி, பெட்ரோல் 250 முதல் 280 டிகிரி. அப்படியானால் மேலே சொன்ன 440 டிகிரியிலேயே பெட்ரோல் பற்றியிருக்க வேண்டுமே? அட்டவணையில் இருக்கும் எண்கள் சாதாரணக் காற்றழுத்தத்தில், சூடான குடுவைக்குள் எரிபொருளை விட்டு, நிதானமாகக் காத்திருந்து எடுத்தவை. எஞ்சினில் காத்திருக்க யாருக்கும் நேரமில்லை. நிமிஷத்துக்கு 3,000 சுற்று வேகத்தில் ஒரு சுற்றுக்கே 20 மில்லிவிநாடிதான், அதில் கலவை உச்சச் சூட்டில் இருப்பது இரண்டு மூன்று மில்லிவிநாடி. அதற்குள் பற்ற வேண்டுமென்றால் சூடு மிக அதிகமாக வேண்டும், அழுத்தமும் வேண்டும். அழுத்தம் ஏற ஏறக் காத்திருக்க வேண்டிய நேரம் குறைகிறது, சூடு ஏறினால் இன்னும் வேகமாகக் குறைகிறது.

அந்தக் காத்திருப்பு நேரத்தில் கலவை சும்மா இருப்பதில்லை. அடுப்பில் வைத்த பால் மாதிரிதான்: வெளியே பார்த்தால் ஒன்றுமே நடக்காதது போல் கிடக்கும், திரும்பிப் பார்ப்பதற்குள் பொங்கி வழிந்துவிடும். பெட்ரோலின் நீண்ட மூலக்கூறுகள் ஆக்சிஜனோடு மெல்லச் சேர்ந்து பெராக்சைடு வகைப் பொருள்களை உருவாக்குகின்றன, கடைசியில் ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்ந்துகொண்டே போகிறது. சூடு 900, 1,000 கெல்வினை நெருங்கும்போது அது உடைந்து, ஒவ்வொரு மூலக்கூறும் எதையும் பிடித்துத் தின்னும் இரண்டு துண்டுகளாகிறது. அந்தத் துண்டுகள் மேலும் துண்டுகளை உருவாக்க, எண்ணிக்கை பெருகி, அப்புறம் நிறுத்தவே முடியாது. இப்படிக் கிளைவிடும் சங்கிலி வினைகளை ஆராய்ந்த செமியோனோவுக்கும் ஹின்ஷல்வுட்டுக்கும் 1956-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. நம் கணக்கில் வந்த 940 கெல்வின் அந்த விளிம்பில்தான் நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். 35 டிகிரி காற்றில் வந்தது 869 கெல்வின், விளிம்புக்கு இந்தப் பக்கம்.

மீத்தேனுக்கு இந்த வழி அவ்வளவு சுலபமில்லை. ஒரே கார்பன், அதைச் சுற்றி இறுக்கமாகப் பிடித்த நான்கு ஹைட்ரஜன், பெராக்சைடு பாதையில் போக நீளமான சங்கிலியே கிடையாது. அதனால்தான் கோலாலம்பூர் டாக்சிகள் என்ஜிவியில் (பெரும்பாலும் மீத்தேனாலான வாகன எரிவாயு) ஓடிய காலத்தில் (2025 ஜூலையோடு அந்த விற்பனை நின்றது) எரிவாயுவில் ஓடும்போது தட்டாத எஞ்சின், பெட்ரோலுக்கு மாற்றியதும் மேட்டில் முனகியது. எரிவாயு எஞ்சின்காரர்கள் இதற்கு மீத்தேன் எண் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள்: சுத்த மீத்தேன் 100, ஹைட்ரஜன் 0. புரோப்பேன் அதில் 30-களில்தான் வரும், பியூட்டேன் 10-ஐ ஒட்டி. வீட்டுச் சமையல் தோம்பில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும்தான், ஆகவே ‘கேஸ் என்றால் தட்டாது’ என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது, எந்தக் கேஸ் என்று கேட்க வேண்டும். (சமையல் தோம்பைக் காடியில் மாட்டுகிற யோசனை யாருக்காவது இருந்தால், தயவுசெய்து வேண்டாம். தட்டல் அங்கே சின்னப் பிரச்சினை.)

ஆக்டேன் எண்ணும் இதே காத்திருப்பைத்தான் அளக்கிறது. ஐசோ-ஆக்டேனுக்கு 100, நேர்ச்சங்கிலி ஹெப்டேனுக்கு 0, இரண்டையும் கலந்து ஒப்பிடுவது. சோதனை எஞ்சினை 600 சுற்றில் ஓட்டி எடுப்பது ரோன். எண் பெரிதாக இருந்தால் எண்ணெய்க்கு வலு அதிகம் என்று நினைப்பது தப்பு, பற்றுவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொள்கிறது என்பது மட்டுமே அர்த்தம். தட்டாத எஞ்சினில், கையேடு 95 என்று சொல்லும் எஞ்சினில், 97 ஊற்றி வலு கூடியது போலத் தோன்றினால் அது பெரும்பாலும் கொடுத்த காசு பேசுவது.

சரி, வேலைக்கு வருவோம்

முதலில் அது உண்மையிலேயே நாக்கிங்தானா என்று உறுதி செய்யுங்கள். சைலன்சர் குழாய்க்கு மேல் இருக்கும் மெல்லிய தகரக் கவசம் ஆணி தளர்ந்து ஆடினால் கிட்டத்தட்ட இதே சத்தம் வரும், அதற்கு ஒரு கிளிப் போட்டால் முடிந்தது. வண்டியைத் தூக்கி, எஞ்சின் ஆறியிருக்கும்போது கவசத்தைக் கையால் தட்டிப் பாருங்கள். வால்வைத் தள்ளும் டாப்பெட்டின் சத்தம் சுமை இல்லாமலும் வரும், சுற்றோடு கூடும், காலையில் குளிரில் அதிகம். கனெக்டிங் ராடு பேரிங் போயிருந்தால் சத்தம் கனமாக, ‘டொக் டொக்’ என்று அடியிலிருந்து வரும், அப்போது எஞ்சினை நிறுத்திவிட்டு இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். நாக்கிங் சுமையில் மட்டும் வரும், குறைந்த சுற்றில் அதிகமாக வரும், காலை எடுத்த கணமே போய்விடும். மேட்டில் 2,000 சுற்றில் நன்றாக மிதித்துக் கேளுங்கள், அப்புறம் கியரைக் குறைத்து 3,500-இல் அதே மேட்டை ஏறுங்கள். சுற்று கூடியதும் சத்தம் மறைந்தால் கிட்டத்தட்ட உறுதி. காரணம் நேரம்தான்: சுற்று கூடினால் கலவைக்குக் காத்திருக்க அவகாசமில்லை.

இந்தச் சோதனையை மலையடிவாரத்திலேயே செய்துவிடுங்கள். கெந்திங் உச்சி சுமார் 1,800 மீட்டர், அங்கே காற்றழுத்தம் கீழே இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். டர்போ இல்லாத எஞ்சின் அந்த உயரத்தில் குறைவான காற்றை இழுக்கும், குறைவாக நசுக்கும், தட்டலும் குறையும். கோத்தோங் ஜெயாவில் நிறுத்தித் தேநீர் குடித்துவிட்டு மேலே போனவர் ‘போட்ட எண்ணெய் இப்போதுதான் வேலை செய்கிறது’ என்று சந்தோஷப்படுவதைப் பார்த்திருக்கிறேன். எண்ணெய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை, மலைக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். மழையில் காடி மென்மையாக ஓடுவது போலத் தோன்றுவதிலும் ஓரளவு உண்மை உண்டு. காற்றில் ஈரம் கூடினால் எரிதல் கொஞ்சம் மெதுவாகும், சூடும் குறையும், தட்டல் அடங்கும்.

அடுத்து காடியின் கணினியில் உள்ள அளவுகளைப் படித்துக் காட்டும் ஒரு ஓபிடி ஸ்கேனர் வாங்குங்கள், போனோடு புளூடூத்தில் சேர்கிற மலிவானதே போதும். பார்க்க வேண்டியவை மூன்று: உள்ளே போகும் காற்றின் சூடு, கூலண்டின் சூடு, பற்றவைக்கும் டைமிங் (பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு எத்தனை டிகிரி சுழற்சி முன்னால் பிளக் பொறி விடுகிறது என்பது). காலையில் எஞ்சின் போடுவதற்கு முன் காற்றுச் சூடும் கூலண்டுச் சூடும் ஒன்றாக இருக்க வேண்டும், வெளியே 27 என்றால் இரண்டும் 27-ஐ ஒட்டி. இல்லையென்றால் சென்சாரே பொய் சொல்கிறது, அதை முதலில் மாற்றுங்கள். அப்புறம் ஓட்டுங்கள். சாலையில் ஓடும்போது காற்றுச் சூடு வெளிச்சூட்டைவிடப் பத்துப் பதினைந்து டிகிரிக்கு மேல் கூடுதலாகவே நின்றால் காற்று எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கிரில்லுக்குப் பின்னால் இருந்து குளிர்ந்த காற்றைக் கொண்டுவரும் பிளாஸ்டிக் குழாய் உடைந்தோ, சர்வீஸின்போது கழற்றி மாட்டாமலோ இருக்கும். சிலர் அழகுக்காகவும் சத்தத்துக்காகவும் பானெட்டுக்குள் திறந்த ஃபில்டர் மாட்டியிருப்பார்கள். அது ரேடியேட்டரில் அடித்து வந்த சூட்டையும் எக்சாஸ்ட் சூட்டையும் சேர்த்து இழுக்கிறது. இந்த ஊர் வெயிலில் அதைப்போல ஒரு மோசமான செலவு இல்லை. 10-க்கு 28 என்ற கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

கூலண்ட் பக்கம் வேலை அதிகம், ஆனால் விலை குறைவு. ரேடியேட்டரின் முன்னால் ஏசி கண்டென்சர் இருக்கும், இரண்டுக்கும் நடுவில் இலையும் பூச்சியும் செம்மண்ணும் அடைந்து கம்பளி போல் ஆகியிருக்கும், வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். தண்ணீரை எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, மெதுவான அழுத்தத்தில் அடித்துக் கழுவுங்கள்; பிரஷர் வாஷரை நெருக்கமாகப் பிடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். ஃபேன் ஓடுகிறதா, தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்கிறதா, ரேடியேட்டர் மூடியின் ரப்பர் காய்ந்து போயிருக்கிறதா என்று பாருங்கள். மூடி அழுத்தம் பிடிக்கவில்லையென்றால் தலைப்பகுதியில் கூலண்ட் ஆவியாகி, அந்த இடத்தில் மட்டும் உலோகம் கொதிக்கும். டேஷ்போர்டு முள் நடுவில்தான் நிற்கும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. குழாய்த் தண்ணீர் ஊற்றி ஓட்டுகிற பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். உள்ளே துருவும் படிவமும் படிந்து சூட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

அப்புறம் கரி. பிள்ளையைப் பள்ளியில் விட்டு, சந்தைக்குப் போய்த் திரும்புகிற ஓட்டம் மட்டுமே இருக்கும் காடிகளில் எஞ்சின் சரியாகச் சூடாவதே இல்லை, பிஸ்டன் தலையிலும் வால்விலும் கரி தடித்துப்போகும். அது இரண்டு விதத்தில் கெடுக்கிறது. இடத்தை அடைக்கிறது: 375 சிசி சிலிண்டரில் 10 விகிதம் என்றால் மேலே மிச்சமிருக்கும் இடம் 42 சிசிக்குக் கொஞ்சம் குறைவு, அதில் கரி 2 சிசியை எடுத்துக்கொண்டால் விகிதம் 10.4-ஐத் தாண்டும். அதைவிட முக்கியம், கரி சூட்டை விடாது. வெறும் உலோகம் கூலண்டுக்குச் சூட்டைக் கடத்திவிடும், கரி படிந்த தலை அடுத்த சுற்றில் வரும் கலவையைச் சுட வைக்கும். பாலிஈதர் அமின் உள்ள பெட்ரோல் கிளீனரை ஒரு டேங்கில் ஊற்றி நீண்ட ஓட்டம் போய்வந்தால் ஓரளவு குறையும். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுவதால் வால்வின் முதுகில் அது படுவதே இல்லை, அங்கே வால்நட் ஓட்டுத் தூளை அடித்துச் சுத்தம் செய்வதுதான் வழி, அதைத் தெரிந்த பட்டறையில் கொடுங்கள். கரி சேர்வது எஞ்சின் ஆயில் மேலே வருவதால் என்றால் எவ்வளவு சுத்தம் செய்தாலும் திரும்ப வரும். ஆயில் அளவு இரண்டு சர்வீஸுக்கு நடுவில் எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள்.

பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், வெயிலில் நின்று, முடிந்தால் ஒரு பூதக்கண்ணாடியோடு. நடுவில் இருக்கும் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகளோ, மினுமினுக்கும் சின்ன மணிகளோ இருந்தால் நாக்கிங் கொஞ்ச காலமாகவே நடக்கிறது. மினுமினுப்பு பிஸ்டனின் அலுமினியம், அது இருந்தால் இனி தள்ளிப்போடாதீர்கள். பீங்கான் சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால் சூடு அதிகம், அல்லது கலவையில் பெட்ரோல் குறைவு. ஸ்கேனரில் நீண்டகால ஃபியூவல் டிரிம் (கணினி பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்ற எண்) 10 விழுக்காட்டுக்கு மேல் பிளஸில் நின்றால் எங்கோ காற்று கசிந்து உள்ளே போகிறது, அல்லது பெட்ரோல் பம்பு களைத்துவிட்டது. புது பிளக் வாங்கும்போது கையேட்டில் உள்ள வெப்ப எண்ணையே கேளுங்கள். என்ஜிகே, டென்சோ இரண்டிலும் எண் பெரிதானால் பிளக் குளிர்ச்சி, போஷில் நேரெதிர். இது தெரியாமல் மாற்றிப் போட்டுவிட்டு எஞ்சினைத் திட்டுவது நம் ஊரில் அடிக்கடி நடக்கிறது. சூடான பிளக்கின் நுனி பொறி வருவதற்கு முன்னாலேயே கலவையைப் பற்றவைத்துவிடும். அது வேறு நோய், நாக்கிங்கைவிடக் கொடியது, சில நிமிஷங்களில் பிஸ்டனில் ஓட்டை போட்டுவிடும்.

டிஸ்ட்ரிபியூட்டர் வைத்த பழைய சாகா, இஸ்வாரா இன்னும் ஓட்டுபவர்கள் டைமிங் லைட் பிடித்துக் கையேட்டில் உள்ள அளவில் வையுங்கள், அப்படியும் தட்டினால் இரண்டு டிகிரி பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். இதற்கு மேல் தள்ளினால் எக்சாஸ்ட் கொதிக்கும். புது காடிகளில் நாக் சென்சார் என்று ஒரு சின்னப் பீசோ துண்டு எஞ்சின் பிளாக்கில் திருகியிருக்கும், மேலே சொன்ன 6,000 சொச்ச அதிர்வைக் கேட்டதும் கணினி தானாகவே டைமிங்கைப் பின்னுக்கு இழுத்துவிடும். அதனால்தான் இப்போது பல காடிகளில் சத்தமே வராது. சத்தத்துக்குப் பதிலாக இழுவை குறையும், எண்ணெய் அதிகம் குடிக்கும். மேட்டில் ஸ்கேனரைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தால் (ஓட்டுபவர் பார்க்க வேண்டாம்) டைமிங் 15-இலிருந்து 5, 4 என்று விழுவதைக் காணலாம்.

இவ்வளவும் பார்த்துச் சரிசெய்த பிறகும் தட்டினால் அப்போது பச்சைக் குழாய்க்குப் போங்கள், குற்றமில்லை. டேங்க் கால்வாசிக்கு இறங்கியதும் 97 ஊற்றி, அதே மேட்டை, அதே நேரத்தில், அதே ஆட்களோடு ஏறிப் பாருங்கள். கையேட்டிலேயே 97 என்று போட்டிருக்கும் எஞ்சினுக்கு முதலிலிருந்தே அதைத்தான் ஊற்ற வேண்டும், அதில் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

ஓட்டுகிற விதமும் சேர்த்துத்தான். பெருநாள் விடுமுறைக்கு வீட்டோடு ஆட்களையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு, ஏசியை முழுதாக வைத்துக்கொண்டு, எண்ணெய் மிச்சமாகும் என்று டாப் கியரில் 1,500 சுற்றில் மலையேறுவதுதான் எஞ்சினுக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய கொடுமை. கியரைக் குறையுங்கள். ஆட்டோவில் கீழே இழுக்கும் எஸ் அல்லது எல் இருக்கும், சிவிடியிலும் இருக்கும். சின்ன டர்போ எஞ்சின் என்றால், ஆத்திவா, எக்ஸ்50 போன்றவற்றில், இது இரட்டிப்பு முக்கியம். டர்போவில் குறைந்த சுற்றும் முழுச் சுமையும் சேர்ந்தால் சுவரில் படிந்த ஆயில் துளி ஒன்று கழன்று வந்து, பொறிக்கு முன்னாலேயே தானாகப் பற்றிவிடும் ஒரு நிகழ்வு உண்டு. அது ஒரு தடவை வந்தாலே பிஸ்டன் உடையலாம். ஆயிலில் சேர்க்கும் கால்சியம் சோப்புப் பொருள் அதைத் தூண்டுகிறது என்று கண்டுபிடித்துத்தான் 2018-இல் ஏபிஐ எஸ்என் பிளஸ், 2020-இல் ஏபிஐ எஸ்பி என்ற தரங்கள் வந்தன. டப்பாவின் பின்பக்கத்தில் எஸ்பி என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

எஞ்சினை விட்டு வெளியே ஒரு விஷயம், பட்டறை வைத்திருப்பவர்களுக்கு. இதே நசுங்கும் சூடு வெல்டிங் ஆக்சிஜன் தோம்பிலும் இருக்கிறது. தோம்பின் வால்வைப் படாரென்று திறந்தால் ரெகுலேட்டருக்குள் ஏற்கனவே இருக்கும் வாயு ஒரு பாரிலிருந்து 150 பாருக்குக் கணத்தில் நசுங்கும், கணக்குப்படி 900 டிகிரிக்கு மேல் போகும். வெறும் காற்றில் பற்றாத ரப்பர் சீல்கூடச் சுத்த ஆக்சிஜனில் அந்தச் சூட்டில் பற்றும், ஒரு துளி கிரீஸ் இருந்தால் கேட்கவே வேண்டாம். ரெகுலேட்டரின் திருகை முழுதாகத் தளர்த்திவிட்டு, அதற்கு எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று, வால்வை முதலில் மயிரிழை அளவு திறந்து, முள் மெதுவாக ஏறி நின்ற பிறகு மிச்சத்தைத் திறங்கள். எஞ்சின் வேலை பார்த்த கையோடு தோம்பைத் தொடாதீர்கள், முதலில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.